ஆங்கிலப் பாடநூல்களில் உள்ளூர்ப் பண்பாடு

ஆங்கிலம் கற்பிக்கும் நூலில் மாணவரின் சொந்த ஊர், உணவு, தொழில், பேச்சு, உறவுமுறை ஆகியவை இடம்பெறும் விதத்தையே ‘ஆங்கிலப் பாடநூல்களில் உள்ளூர்ப் பண்பாடு’ என்கிறோம். கோர்டாசி, ஜின் என்னும் ஆய்வாளர்கள் 1999இல் இத்தகைய நூல்களை மூன்றாகப் பகுத்தனர்: மாணவரின் பண்பாட்டைச் சொல்பவை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளைச் சொல்பவை, பிற உலக நாடுகளைச் சொல்பவை.

காலனிய இந்தியாவின் வகுப்பறைகளில் இரண்டாம் வகையே கோலோச்சியது. டாஃபடில் பூவைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அதைப் பற்றிய கவிதையை ஒப்பித்தார்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட நூல்கள் முதல் வகைக்கு நிறையவே இடம் கொடுத்தன.

ஆனால் உள்ளூரைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதே முக்கியம். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புக்கு வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ நூலில் ஒரே பாடத்துக்குள் இரண்டு பார்வைகளைக் காணலாம். கோவாவின் ரொட்டிக்காரரைப் பற்றி லூசியோ ரோட்ரிக்ஸ் எழுதிய பகுதியில், அவரது மூங்கில் தடியின் ஓசை கேட்டதும் குழந்தைகள் பல்கூடத் துலக்காமல் ஓடிவருகிறார்கள். மாதக் கணக்கு சுவரில் பென்சிலால் குறித்துவைக்கப்படுகிறது. ரொட்டிக்காரரைக் குறிக்கும் ‘பாடேர்’ என்ற உள்ளூர்ச் சொல்லும் ஆங்கில வாக்கியத்துக்குள் அப்படியே நிற்கிறது. அங்கேயே வளர்ந்தவரின் நினைவு இது. அடுத்து வரும் குடகுப் பகுதியோ காப்பித் தோட்டம், யானை, வீரப் பரம்பரை என்று அடுக்கிக்கொண்டே போய், அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பதில் முடிகிறது. குடகுப் பிள்ளை அதில் தன் வீட்டைத் தேடினால் சுற்றுலாக் கையேடுதான் கிடைக்கும்.

திருவிழாவும் உடையும் மட்டுமே பண்பாடு என்று காட்டுவது இத்தகைய நூல்களில் அடிக்கடி காணப்படும் குறை. அதே நிறுவனம் ஒன்பதாம் வகுப்புக்கு வெளியிட்ட ‘பீஹைவ்’ நூலில் உள்ள அப்துல் கலாமின் இளமை நினைவுகள் அதற்கு நல்ல மாற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராமேஸ்வரத்தில், புளியங்கொட்டை பொறுக்கிக் கடையில் விற்ற சிறுவனுக்கு ஒரு நாள் உழைப்புக்கு ஓர் அணா கிடைக்கிறது. அதே ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி அணிந்த கலாமைப் பூணூல் அணிந்த நண்பன் ராமநாத சாஸ்திரியின் பக்கத்திலிருந்து எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். நண்பன் அழுகிறான். ஊரின் பெருமையோடு அதன் காயத்தையும் பாடம் மறைக்காமல் சொல்கிறது. பாடத்தை அடுத்து வரும் வினாக்களும் வேற்றுமைகள் எப்படி உருவாகின்றன, எப்படித் தீர்கின்றன என்று கேட்கின்றன.