பாரிஸ் புறநகரில் தமிழ்ப் பெண்கள்: சம்பளமும் சம உரிமையும்

பாரிஸ் நகருக்கு வடக்கே உள்ள கார்ஜ் லே கொனெஸ், இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியுள்ள புறநகரங்களில் ஒன்றாகும். அங்கிருந்து டி வழித்தடப் புறநகர் ரயிலில் ஏறினால், கால் மணி நேர அளவில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தை அடையலாம். அதை ஒட்டியே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதி உள்ளது. இந்த வழித்தடத்தில் அன்றாடம் வேலைக்குச் செல்பவர்களில் தமிழ்ப் பெண்களும் உள்ளனர். ஆனால் அவர்களது கைக்குச் சம்பளம் வந்த வேகத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் வந்து சேரவில்லை.

ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே

1983 ஆம் ஆண்டு ஜூலை வன்செயல்களை அடுத்து பிரான்ஸில் தஞ்சம் கோரிய இலங்கைத் தமிழரில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் வேலை தேடிக்கொண்ட அவர்கள், வதிவிட அனுமதி கிடைத்த பின்னரே மனைவியரை அழைத்தனர், அல்லது ஊரிலிருந்து பெண் எடுத்தனர். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கான சீதனம் உயர்ந்ததும் இக்காலத்தில்தான்.

பாரிஸ் பகுதியின் வாடகையையும், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தையும், சீட்டுக்காசையும் ஒருவரது சம்பளத்தில் சமாளிப்பது கடினமாக இருந்தது. ஆகவே பெண்களும் அலுவலகத் துப்புரவு, குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு ஆகிய வேலைகளுக்குச் சென்றனர். 2015 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' திரைப்படத்தில் வரும் யாழினி என்ற தமிழ் அகதிப் பெண்ணும், பாரிஸ் புறநகரில் முதியவர் ஒருவரைப் பராமரித்தே சம்பளம் பெறுகிறார்.

இரு நாடுகளின் சட்டங்கள்

பின்தங்கிய நாட்டிலிருந்து முன்னேறிய நாட்டுக்கு வந்த பெண்களின் கதையாக மட்டும் இதைப் பார்க்க முடியாது. இலங்கைப் பெண்கள் 1931 ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றனர். பிரெஞ்சுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944 இல்தான் கிடைத்தது. 1960 இல் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். பிரான்ஸில் ஒரு பெண் பிரதமராக 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் குடும்பத்துக்குள் நிலைமை வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. சீதனம் பெண்ணின் சொத்தாகவே கருதப்பட்டது. எனினும், தனக்குரிய காணியையோ வீட்டையோ விற்க மனைவி கணவரின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெற வேண்டும் என 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது.

பிரான்ஸிலும் 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே மனைவி கணவரின் அனுமதியின்றித் தொழில் செய்யவும், வங்கிக் கணக்குத் திறக்கவும் முடிந்தது. குடும்பச் சொத்தை நிர்வகிப்பதில் கணவன் மனைவிக்குச் சம அதிகாரம் 1985 இல் கிடைத்தது. அப்போது முதல் தலைமுறைத் தமிழ் அகதிகள் பாரிஸ் வந்து சேர்ந்துகொண்டிருந்தனர்.

2021 டிசம்பரில் நிறைவேறிய மற்றொரு சட்டம், ஊழியர் தனிப்பட்ட முறையிலோ கூட்டாகவோ உரிமை கொண்ட வங்கிக் கணக்கிலேயே அவரது சம்பளம் செலுத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. 2022 டிசம்பர் முதல் மனைவியின் சம்பளத்தைக் கணவரின் தனிக்கணக்கில் செலுத்த முடியாது. இருந்தும், கூட்டுக் கணக்கின் வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை.

ஆவணமும் மொழியும்

சம்பளத்தைவிட ஆழமான சார்பு வதிவிட அனுமதியில் உள்ளது. குடும்ப ஒன்றிணைவு முறையில் வரும் மனைவி, முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கணவரைப் பிரிந்தால் அனுமதியை இழக்க நேரலாம். குடும்ப வன்முறையே பிரிவுக்குக் காரணம் எனில் அனுமதியைப் பறிக்கக் கூடாது என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் வன்முறையை நிறுவ காவல் நிலையத்தில் முறைப்பாடு செய்யவும், மருத்துவச் சான்று பெறவும் வேண்டியிருக்கலாம். கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு வாழும் பெண்ணுக்கு இது எளிதன்று. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான 3919 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும், அதை அறிந்தவர்களுக்கே உதவும்.

அரச செலவிலான பிரெஞ்சு வகுப்புகள் உள்ளன. ஆனால் அதிகாலையிலும் மாலையிலும் துப்புரவு வேலை, இடையில் சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நாள் முடிந்துவிடும் பெண்ணுக்கு வகுப்புக்குச் செல்ல நேரம் எஞ்சுவதில்லை. 2024 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட குடிவரவுச் சட்டம், நீண்டகால வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் தேவையான மொழித் தகுதியை உயர்த்தியுள்ளது. இதனால் வீட்டு வேலையைப் பகிர்வது என்ற குடும்ப விவகாரம், ஒரு பெண்ணின் சட்ட நிலையையே பாதிக்கும் விடயமாகியுள்ளது.

அடுத்த தலைமுறை

பிரான்ஸில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு மொழி தடையல்ல. நகரசபைத் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெற வேண்டும் என்ற பிரெஞ்சு விதி, குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெண்களுக்கும் அரசியல் வாசலைத் திறந்துள்ளது. அதேவேளை மண்டபங்களில் பூப்புனித நீராட்டு விழாக்கள் தொடர்கின்றன. திருமணப் பேச்சில் சாதியும் சீதனமும் மறையவில்லை.

தாய்மார் அன்று மொழியின்றி வேலைக்குச் சென்று வீட்டு வாடகையில் பங்கு செலுத்தினர். அவர்களின் மகள்மார் மொழியறிந்து வேலைக்குச் செல்கின்றனர். வேலை முடிந்து வீடு திரும்பும் கணவனும் மனைவியும் அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்கின்றனரா என்பதே, இந்த மாற்றம் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதைக் காட்டும்.