திரி நாட் திரியின் சேஃப்டி

தீபத்தன்று தேரடி வீதியில் ஒரு காவலர் திரி நாட் திரியை, அதாவது .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிளை, தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். மேகசினில் பத்துத் தோட்டா இருக்கும். சேம்பர் காலியாக இருக்கவேண்டும், அதுதான் முதல் காவல். அடுத்த காவல் துப்பாக்கியின் இடது பக்கம், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் உள்ள சிறு நெம்பு. பின்னால் தள்ளினால் பூட்டு, முன்னால் தள்ளினால் திறப்பு. ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்த காலம் முழுக்க நான் மிகுந்த கவலையோடு பார்த்த உறுப்பு இதுதான்.

எங்கள் ஊரான திருவண்ணாமலைக்குத் துப்பாக்கி பழசு. கோட்டை போல எழுந்த மதிலுக்காகவே கோயிலைப் படைகள் மாறிமாறி முற்றுகையிட்டன. 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை செங்கத்தில் மோதிவிட்டு இங்கே வந்து சேர்ந்தது. அந்த மாதக் கடைசியில் ஹைதர் அலி, நிஜாம் இருவரின் படைகளையும் இவ்வூருக்கு அருகே எதிர்த்து நின்றது. கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. சுத்தியலைப் பாதி இழுத்தால் ஒரு வெட்டில் போய் உட்காரும். அந்த நிலையில் விசையை இழுத்தாலும் விழக்கூடாது. அதற்கு இருந்த சேஃப்டி அவ்வளவுதான். வெட்டு தேய்ந்துவிட்டால் மருந்து கெட்டிக்கும்போதே வெடித்துவிடும். எதிர்ப்பக்கத்தில் பலரிடம் இருந்த திரித் துப்பாக்கிக்கு அதுவும் கிடையாது. எரிகிற திரியை மருந்துக்கு எட்டாமல் பிடிப்பவனின் நிதானம்தான் காவல். அந்தப் போரைப் படிக்கும்போதெல்லாம் தம் துப்பாக்கியாலேயே காயம்பட்டவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

பிறகு 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது, 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. 1895இல் வந்த முதல் லீ என்ஃபீல்டில் சேஃப்டி, போல்ட்டின் வால்பக்கத்தில், சுடும் ஊசியோடு சேர்ந்த துண்டான காக்கிங் பீஸ் மேலேயே இருந்தது. அடுத்து வந்த குட்டை ரைஃபிளில் அதை உடலின் இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜெர்மன் மவுசருக்குப் போல்ட்டின் பின்னால் ஒரு சிறகு. அதைப் புரட்ட வேண்டும். லீ என்ஃபீல்டில் வலதுகை பிடியை விடாமலே பெருவிரல் வேலையை முடித்துவிடும். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் தொழிற்சாலை இந்த ரைஃபிளைத்தான் பல பத்தாண்டுகள் செய்தது. போலீசுக்காக அதையே துளை விரித்து, மேகசின் இடத்தில் மரக்கட்டை அடைத்து, ஒரு குண்டு மட்டும் போடும் .410 மஸ்கட்டாகவும் மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் இதே சேஃப்டிதான்.

பழுது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “சார், லாக் போட்டாலும் போல்ட் தூக்குது.” சேஃப்டி இரண்டு துண்டு. நெம்போடு சேர்ந்த தண்டு ஒன்று. அதன் முனை பாதி வெட்டுப்பட்டிருக்கும். திரும்பும்போது அது காக்கிங் பீஸின் பள்ளத்தில் நுழைந்து அதை மயிரிழை பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். தண்டின் மேல் மரையில் ஏறும் சிறு கை இன்னொன்று. தண்டு திரும்பத் திரும்ப இந்தக் கை உள்ளே நகர்ந்து, போல்ட்டின் காடியில் புகுந்து, கைப்பிடி மேலே எழாமல் தடுக்கும். அந்த மரை ஒற்றை மரை அல்ல; பல மரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். கழற்றித் துடைத்தவர் ஒரு மரை தள்ளிப் பூட்டிவிட்டால் நெம்பு ஒழுங்காகப் பின்னால் போகும், கை மட்டும் காடியை எட்டாது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இதைவிட ஆபத்தான பழுது வேறு இல்லை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: “தம்பி, அரத்தைக் கீழ வை. மொதல்ல கழுவு, அப்புறம் பாரு.” பாதிப் பழுது அழுக்குதான். சித்திரைப் புழுதியும் கார்த்திகை மழையும் பழைய எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் போய்விடும். அதற்கும் சரியாகாவிட்டால் மேலே அழுத்தும் வில் தளர்ந்திருக்கும், அதை வளைத்துச் சரிக்கட்டாமல் மாற்றவேண்டும். காக்கிங் பீஸின் பள்ளத்தை அரத்தால் தேய்த்து ‘பொருத்துவது’ மன்னிக்க முடியாத வேலை. மேல்தோலில் மட்டும் கடினப்படுத்திய இரும்பு அது. தோல் போனால் உள்ளே மெத்து.

கடைசியில் சோதனை. சேம்பரும் மேகசினும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, காக் செய்து, சேஃப்டி போட்டு, விசையை அழுத்தமாக இழுத்து விட வேண்டும். பிறகு சேஃப்டியைத் திறக்க வேண்டும். அந்தக் கணத்தில் ‘டக்’ என்று சத்தம் வந்தால், தோட்டா இருந்திருந்தால் வெடித்திருக்கும் என்று பொருள். பள்ளம் தேய்ந்து, காக்கிங் பீஸ் விசைக்கொக்கியைத் தாண்டி நழுவிவிட்டது. அந்தத் துப்பாக்கி அன்று வாசலைத் தாண்டக்கூடாது. ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் போட்டாலும் இதே விபரீதம் நேரலாம். எண் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது. மற்ற இடங்களிலும் அது விலகிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இன்றும் சில வங்கிகளின் வாசலில் மரக்கட்டைப் பிடி வைத்த போல்ட் துப்பாக்கியோடு காவலாளிகள் நிற்கிறார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் துப்பாக்கிகளைப் பாருங்கள், பல தாத்தா காலத்தவை. ரசீது எழுதும்போதே ஒரு ஆர்மரர் உட்கார்ந்து அந்தச் சோதனையையும் செய்துவிட வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.