பொறியியற் கல்லூரியின் வாயிலில்

ஒரு நாட்டின் பாலங்களையும் வீதிகளையும் துறைமுகங்களையும் அமைக்கும் பொறுப்பினை யாரிடம் ஒப்படைப்பது? இவ்வினாவுக்கு உலகம் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த விடை, நற்குடியிற் பிறந்தவரிடம் என்பதே. கணிதத்திலும் பௌதிகத்திலும் பரீட்சை வைத்து, அதிலே தேறியவரைத் தெரிந்தெடுப்பது இன்று நமக்கு இயல்பான வழக்கமாகத் தோன்றுகின்றது. ஆயினும், இவ்வழக்கத்துக்கும் ஒரு பிறப்பு உண்டு. ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பிரான்சு தேசத்திலே தெளிவாகக் காணலாம்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னர் அந்நாட்டிற் படைப் பொறியியலாளரைப் பயிற்றுவதற்கென மெசியேர் என்னும் நகரில் ஒரு கல்லூரி இருந்தது. அது 1748இல் நிறுவப்பெற்றது. அங்கும் கணிதப் பரீட்சை உண்டு. ஆனால், அப்பரீட்சைக்குத் தோற்றுவதற்கே உயர்குடிப் பிறப்பினன் என்னும் தகுதி வேண்டியிருந்தது. கஸ்பார் மோஞ் என்னும் இளைஞர், போன் என்ற ஊரிலே ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தவர். கேத்திரகணிதத்தில் அவருக்கு ஒப்பாரில்லை. எனினும், அக்கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது படம் வரைவோன் என்னும் சிறு தொழிலே. கோட்டை அமைப்பிற் பெருங்கணக்குகள் வேண்டிய ஒரு பிரச்சினையை அவர் வரைபட முறையால் விரைவில் தீர்த்தார். அம்முறையே பின்னர் விவரணக் கேத்திரகணிதம் என்னும் தனித்துறையாயிற்று. அறிவு வாயில்வரை வந்து நின்றபோதும், குலம் கதவை முழுவதுந் திறக்கவில்லை.

அக்காலத்துப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்தோர் கையிலிருந்த நூல் பெசூ என்பவர் எழுதிய கணிதப் பாடநூல். கடற்படைக்கும் பீரங்கிப் படைக்கும் பரீட்சகராக இருந்தவரும் அவரே. பரீட்சகர் எழுதிய நூலை மனனஞ் செய்தாற் பரீட்சையில் தேறலாம் என்று மாணாக்கர் எண்ணியதில் வியப்பில்லை. பெசூவின் மறைவுக்குப் பின் பீரங்கிப் படைக்குப் பரீட்சகராக வந்தவர், வானியலிற் பெரும்புகழ் பெற்ற லப்பிளாஸ். 1785இல் அவர் முன்னிலையிலே தோற்றித் தேறிய 58 பேருள் 42ஆம் இடம் பெற்ற இளைஞன் ஒருவன், பின்னாளில் ஐரோப்பாவையே நடுங்கவைத்த நெப்போலியன் ஆவான்.

1794இல் நிலைமை மாறியது. புரட்சி அரசுக்குப் பொறியியலாளர் உடனடியாகத் தேவைப்பட்டனர். போர் எல்லாப் பக்கங்களிலும் சூழ்ந்திருந்தது; பழைய அதிகாரிகள் பலர் நாட்டைவிட்டு அகன்றிருந்தனர். அவ்வாண்டிலே பாரிஸ் நகரில் பொதுவேலைகளுக்கான மத்திய கல்லூரி தோன்றிற்று. மறு ஆண்டில் அது பொலிரெக்னிக் என்னும் பெயரைப் பெற்றது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், முன்னர்ப் படம் வரைவோனாக இருந்த அதே மோஞ். பரீட்சகர்கள் நாட்டின் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஏறக்குறைய 400 இளைஞர்கள் முதன்முறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். குலம் பற்றி எவரும் கேட்கவில்லை. தெரிவானவர்க்குப் பாரிசுக்கு வரும் பயணச் செலவும், கற்குங்காலத்துக்குரிய ஊதியமும் அரசே வழங்கியது.

இத்திறந்த வாயில் நாட்டுப்புறத்து இளைஞர்க்கு என்ன செய்தது என்பதற்கு அரகோவின் வாழ்வு சான்றாகும். பெர்ப்பிஞான் நகரத்துக் கோட்டை மதிலருகே மிக இளவயதுடைய ஒரு பொறியியல் அதிகாரியை அவர் கண்டார். இவ்வளவு இளமையில் இப்பதவி எவ்வாறு கிடைத்தது என்று வினவினார். பொலிரெக்னிக்கிலிருந்து வருகின்றேன், அங்கு செல்லப் பரீட்சையிற் தேறினாற் போதும் என்பது விடை. அன்றே அரகோ கணிதத்தின் பக்கம் திரும்பினார். வேண்டிய அளவு கற்பிக்க ஆசிரியர் உள்ளூரில் இல்லை. ஆகவே பாரிசிலிருந்து நூல்களை வருவித்துத் தாமே கற்றார். விளங்காத இடங்களில் நின்றுவிடாமல் மேலே செல்க, தெளிவு தானே வரும் என்ற தலம்பேரின் அறிவுரையை, ஒரு புத்தகத்தின் அட்டையிலே ஒட்டியிருந்த தாளிற் கண்டதாகவும், அதுவே தமக்குக் கணித ஆசானாக அமைந்ததாகவும் அவர் தம் வரலாற்றிலே குறித்துள்ளார். 1803இல் தூலூஸ் நகரில் மோஞ்சின் தம்பியார் முன்னிலையில் வாய்மொழிப் பரீட்சைக்குத் தோற்றி வெற்றி பெற்றார். பிற்காலத்தில் அவர் பிரான்சின் தலைசிறந்த பௌதிக அறிஞர்களுள் ஒருவரானார்.

ஆனால், அந்த வாயில் அவ்வாறே அகலத் திறந்திருக்கவில்லை. நெப்போலியன் 1804இல் கல்லூரியைப் படைமுறைக்கு உட்படுத்தினான். மாணாக்கர் ஊதியம் பெற்ற நிலை மாறி, கட்டணஞ் செலுத்த வேண்டிய நிலை வந்தது. அதனோடு மற்றொரு மாற்றமும் மெல்ல மெல்ல நிகழ்ந்தது. போட்டி மிகுந்ததும் பாடங் கடினமாயிற்று. பாடங் கடினமாகவே, அதற்கெனத் தனி வகுப்புகள் எழுந்தன. சிறந்த வகுப்புகள் பாரிசிலேயே அமைந்தன. பரீட்சை எல்லோர்க்கும் பொதுவாகவே இருந்தது. ஆயத்தமோ பொருள் படைத்தவர்க்கு எளிதாகவும், ஏனையோர்க்கு அரிதாகவும் ஆயிற்று.

நோர்மண்டி மாகாணத்துச் சென் லோ என்னும் ஊரில் அரச அலுவலகமொன்றிற் சிறு உத்தியோகம் பார்த்த ஒருவர் இருந்தார். அவர் மகன் உர்பேன் லெவெரியே 1830இல் இப்பரீட்சைக்குத் தோற்றித் தவறினான். தந்தையார் தம் வீட்டை விற்றார். அப்பணத்தைக் கொண்டு மகனைப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கு ஓராண்டு பயின்ற லெவெரியே 1831இற் கல்லூரியில் இடம் பெற்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, யுரேனசு என்னும் கோளின் நெறியிற் காணப்பட்ட சிறு பிறழ்வுகளைக் கணித்து, அறியப்படாத வேறொரு கோள் வானில் எங்கே இருத்தல் வேண்டும் என்று தாளிலே எழுதிக் காட்டினார். 1846ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் பேர்லின் நகர வானாய்வாளர் அவ்விடத்தை நோக்கினர். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குட்பட்ட தூரத்தில் நெப்தியூன் இருந்தது. தந்தை விற்ற வீடு வீண்போகவில்லை.

எல்லோர் கதையும் இவ்வாறு முடிந்ததில்லை. எவரிஸ்த் கல்வா பாரிசின் புகழ்பெற்ற லூயி லெ கிராண் பள்ளியில் பயின்றவர். 1828இல், சிறப்புக் கணித வகுப்பிற் பயிலாமலே பொலிரெக்னிக் பரீட்சைக்குத் தோற்றித் தவறினார். பின்னர் ரிஷார் என்னும் நல்லாசிரியரின் வகுப்பில் சேர்ந்தார். மாணாக்கனின் மேதைமையை உணர்ந்த முதல் ஆசிரியர் அவரே. 1829ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கல்வாவின் தந்தையார் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரம் ஆறுமுன்னரே, சில கிழமைகளுக்குள், அவ்விளைஞர் மறுபடியும் பரீட்சகர் முன்னே கரும்பலகையருகில் நிற்க நேர்ந்தது. மீண்டும் தவறினார். கரும்பலகை துடைப்பானைப் பரீட்சகர்மீது எறிந்தார் என்றொரு கதையும் வழங்குகின்றது, அது கதையே. படிமுறைகளை மனத்துள்ளே தாண்டிச் சென்று முடிவைச் சொல்லும் பழக்கம், ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுமாறு கேட்கும் பரீட்சைக்குப் பொருந்தவில்லை என்று கொள்வதே தகும். 1832இல், இருபது வயதில், ஒரு துவந்த யுத்தத்திற் காயமுற்று அவர் மாண்டார். அவர் விட்டுச் சென்ற ஆய்வுகளை லியூவில் என்னும் கணித அறிஞர் வெளியிட்டது 1846இல், நெப்தியூன் காணப்பட்ட அதே ஆண்டிலே. இன்றைய அட்சரகணிதத்தின் அடித்தளங்களுள் ஒன்று அவ்வாய்வுகளே.

இதற்கிடையில் ஆயத்தஞ் செய்தலே ஒரு தனிக்கலையாக வளர்ந்தது. 1842இல் தெர்க்கெம், ஜெரோனோ என்னும் இருவர், இப்பரீட்சைக்குத் தோற்றுவோர்க்கெனவே ஒரு கணிதச் சஞ்சிகையைத் தொடங்கினர். கணிதத்துக்குத் துணையாகப் பௌதிகமும் இரசாயனமும் நாளடைவிற் பாடத்திட்டத்தில் வேரூன்றின. சிறப்புக் கணித வகுப்பை மாணாக்கர் அகழெலி வளை என்று கேலியாக அழைத்தனர். அகழெலி என்பது கோட்டைகளின் கீழே சுரங்கந் தோண்டிய படையினர்க்கும் வழங்கிய பெயராகும். கரும்பலகையின் முன்னே தனியே நின்று ஆசிரியரின் கேள்விகளுக்கு விடையிறுக்கும் வாய்மொழிப் பயிற்சி, இன்றுவரை அவ்வகுப்புகளின் உயிர்நாடியாக உள்ளது.

மாணாக்கரின் மற்றொரு வேடிக்கையும் குறிப்பிடத்தக்கது. கல்லூரியின் செல்லப்பெயர் எக்ஸ். அங்கு நுழைவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தொகையிடுதல் என்றும் பொருளுண்டு. எக்ஸ் என்பதை ஒன்றிலிருந்து இரண்டு வரை தொகையிட்டால் வருவது 3/2. எனவே, இரண்டாம் ஆண்டிறுதியில் தேறுபவர் 3/2 எனப்படுவர். இரண்டிலிருந்து மூன்று வரை தொகையிட்டால் 5/2 வரும். ஆகவே, ஓராண்டு மேலதிகமாகப் படித்துத் தோற்றுபவர் 5/2 ஆவர். தவறியவன் அழியவில்லை, அவன் பின்னத்தின் தொகுதி மாத்திரமே கூடிற்று என்று சிரிக்கக் கற்றமை அவ்விளைஞர்க்கு ஓர் ஆறுதலே.

தவறியவர்க்கு வேறு வழிகளும் இருந்தன. குஸ்தாவ் ஈபெல் என்பவர் 1852இல் பொலிரெக்னிக் பரீட்சையிற் தவறி, வேறொரு பொறியியற் கல்லூரியாகிய எக்கோல் செந்திராலிற் சேர்ந்தார். 1889இல் அவர் எழுப்பிய கோபுரத்திலே பிரான்சின் அறிவியலாளரும் பொறியியலாளருமான 72 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அரகோ, கோஷி, புவாசோன், லெவெரியே எனப் பொலிரெக்னிக்கிற் பயின்றோர் பலர் அதிலே இடம்பெற்றனர். வாயிலிலே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், உள்ளே சென்றவர்களின் பெயர்களைத் தம் கோபுரத்திலே எழுதி வைத்தார்.

அந்த 72 பெயர்களுள் சோபி ஜெர்மேன் என்னும் பெண்மணியின் பெயர் இல்லை. கல்லூரி தோன்றிய நாளிலே, பெண் என்பதால் உள்ளே செல்ல இயலாத அவர், விரிவுரைக் குறிப்புகளைப் பெற்று வீட்டிலிருந்தே கற்றார். லெபிளாங் என்னும் ஆண்மகனின் பெயரால் லக்ராஞ்சுக்குத் தம் கட்டுரையை அனுப்பினார். மீள்தகைப் பரப்புகள் பற்றிய அவருடைய ஆய்வு 1816இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் பரிசைப் பெற்றது. பெண்களுக்கு அப்பரீட்சை திறக்கப்பட்டதோ 1972இல். அவ்வாண்டு ஏழு பெண்கள் தேறினர்; முழு நாட்டிலும் முதலிடம் பெற்றவரும் ஒரு பெண்ணே. 178 ஆண்டுகள் அடைத்திருந்த கதவுக்கு அதனினுஞ் சிறந்த விடை வேறில்லை.

குலத்தின் இடத்திலே பரீட்சையை வைத்தது மனித வரலாற்றில் ஒரு பெரும் முன்னேற்றம். அதனை மறுப்பாரில்லை. ஆயினும், கரும்பலகையின் முன்னே ஓர் இளைஞன் நிற்கும் அந்தச் சிறுபொழுது, அவன் அறிவு முழுவதையும் அளந்துவிடாது. வீட்டை விற்ற தந்தை இருந்தார். விற்பதற்கு வீடே இல்லாத தந்தையர் எத்தனை பேர் இருந்தனர் என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை. பரீட்சையை நேர்மையாக நடத்துவது அரசின் கடமையிற் பாதி. அப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் வாய்ப்பை, நல்ல நூலாகவும் நல்லாசிரியராகவும், ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வது மற்றைப் பாதி. பெர்ப்பிஞான் நகரத்து இளைஞனுக்கு ஒரு புத்தக அட்டை ஆசானாயிற்று. எல்லாப் பிள்ளைகளையும் அத்தகைய நற்பேற்றினை நம்பியிருக்கச் செய்தல் முறையன்று.