தூபா வேரின் வரலாறு

நன்மை செய்தவனுக்குத் தீமை செய்யும் நன்றிகெட்டவனைப் பாலுக்குக் கைம்மாறாகத் தூபா நீரைக் கொடுத்தவன் என்று பழிப்பது மலாய் மக்களின் வழக்கு. பாலுக்கு எதிராக வேறெந்த நஞ்சையும் கூறாது தூபாவைக் கூறியதற்குக் காரணம் உண்டு. இவ்வேரை நசுக்கி நீரிற் பிசைந்தால் வடிவது பால்போன்ற வெண்ணிறச் சாறே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்று குழந்தையை வளர்ப்பது. மற்றொன்று ஆற்றையே மயக்குவது.

தூபா என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கொடி. மலாய்த் தீவக்குறையிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் காட்டோரங்களில் மரந்தழுவிப் படரும். அதன் ஆற்றல் முழுவதும் வேரில் அடங்கியிருக்கிறது. மலாய் மக்களும், அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே இம்மண்ணில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களும் இதனை மீன் பிடிக்கப் பயன்படுத்தினர். கட்டுக் கட்டாக வேரைக் கொணர்ந்து தடியால் அடித்து நசுக்கி, படகில் நிரப்பிய நீரிற் பிசைந்து, சாற்றை ஆற்றின் மேற்பகுதியில் ஊற்றுவர். சிறிது நேரத்தில் கீழ்ப்பகுதியில் மீன்கள் மயங்கி மேலே வரும். ஈட்டியும் வலையும் ஏந்திக் காத்திருப்போர் அள்ளுவர். சிற்றரசர்களும் பெருமக்களும் இதனை ஒரு விழாவாகவே நடத்தியதுண்டு. வேரடிக்குமுன் மந்திரம் ஓதும் வழக்கமும் சிலவிடங்களில் இருந்தது. ஓதினாலும் ஓதாவிடினும் மீன் மிதக்கும் என்பது வேறு செய்தி!

இவ்வாறு பிடித்த மீனை உண்டோர் இறந்தாரில்லை. இஃது எங்ஙனம்? உயிரணுக்கள் காற்றிலுள்ள உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் வேலையைத் தூபாவின் நஞ்சு தடுத்துவிடுகிறது. மீனின் செவுள் வழியே அது நேரே குருதியிற் கலப்பதால், நீரில் உயிர்வளி நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. மனிதன் உண்ணும்போது குடல் அதனைச் சிறிதளவே ஏற்கும். சமைக்கும் வெப்பத்திலும் வெயிலிலும் அது சிதைந்துபோகும். எனினும் வேரின் சாற்றையே மிகுதியாகக் குடித்தால் மனிதனும் சாவான். எழுத்தறியாதவர் என்று நாம் இகழும் காட்டு மக்கள் இவ்வேறுபாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு தெளிந்திருந்தனர்.

இக்கலை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோரும் காக்கைக்கொல்லி விதையை அரைத்துக் குளத்து மீனை மயக்கினர். அதன் நஞ்சு வேறு வகையினது. நம் நாட்டுக் கொழிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ஓர் ஆப்பிரிக்கச் செடியிலோ தூபாவின் நஞ்சே இருக்கிறது. இதனினும் வியப்பு தென்னமெரிக்காவில் உண்டு. கடலுக்கு அப்பால், நம்மவரையும் மலாய் மக்களையும் ஒருநாளும் காணாத பழங்குடியினர், அதே அவரைக் குடும்பத்து வேறொரு கொடியின் வேரை அடித்து அதே முறையில் மீன் பிடித்து வந்தனர்.

ஆற்று நஞ்சு தோட்டத்துக்கு மருந்தான கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. அங்கு அரசாங்க மருத்துவராயிருந்த ஆக்ஸ்லி என்பவர் சாதிக்காய்த் தோட்டமும் வைத்திருந்தார். மரங்களைத் தாக்கும் பூச்சிகளைக் கொல்லத் தூபா வேர் நீரைத் தெளிக்கலாம் என 1848-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். சிங்கப்பூர்ச் சாதிக்காய்த் தோட்டங்களை அது காப்பாற்றவில்லை. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை நோயுற்று அழிந்தன. ஆனால் சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் தூபாவைக் கைவிடவில்லை. கீரைப் பாத்திகளில் வேர் நீரைத் தெளித்துப் புழுவைக் கொன்று வந்தனர். மேனாட்டு ஆராய்ச்சியாளர் இதனை ஏற்குமுன்னரே இவர்கள் நாளும் கையாண்டுவந்த முறை இது.

தென்னமெரிக்கக் கொடியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சுக்காரரான ஜெஃப்ராய்; அவர் ஆய்வு அவர் மறைந்தபின் 1895-இல் வெளிவந்தது. 1902-இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் கசுவோ, தைவானில் வளர்ந்த இதே இனக் கொடியிலிருந்து அதனைப் பிரித்து, அக்கொடியின் உள்ளூர்ப் பெயரையொட்டி ரோட்டினோன் எனப் பெயரிட்டார். பின்னர் இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தது.

அதன்பின் தூபாவுக்கு நல்ல காலம் பிறந்தது. 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் ரப்பர் விலை வீழ்ந்து தோட்டங்கள் தள்ளாடியபோது, மலாயாவில் பலர் தூபாவை ஊடுபயிராக நட்டனர். தண்டை வெட்டி நட்டு, இரண்டாண்டு சென்றபின் வேரைத் தோண்டியெடுத்து உலர்த்திக் கட்டுவர். பருவேரைவிட மெல்லிய வேருக்கே மதிப்பு அதிகம். சிங்கப்பூரின் சாங்கிப் பெயரால் வழங்கிய வகை, நஞ்சின் அளவு மிகுந்ததெனப் பெயர்பெற்றது. வேர்கள் சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறின. மேனாட்டில் செடிப்பூச்சியும் கால்நடையின் தோலைத் துளைக்கும் ஈயின் புழுவும் இதனால் ஒழிக்கப்பட்டன. மனிதனுக்குத் தீங்கற்றது என்று வணிகர் விளம்பரஞ் செய்தனர். உலர்ந்த வேரைப் பொடிசெய்த தொழிலாளிக்கு உதடு மரத்ததும், கண் எரிந்ததும், தோல் தடித்ததும் அவ்விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. நேசநாடுகளுக்கு மலாயாத் தூபா நின்றது. அவர்கள் தென்னமெரிக்க வேரைத் தேடி ஓடினர்; அதே வேளையில், சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்த டி.டி.டி. என்னும் செயற்கைப் பொடி பெருகிற்று. முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசும் கிடைத்தது. தூபாவை மறந்தார்கள். பிறகு டி.டி.டி.யின் கேட்டினை 1962-இல் ரேச்சல் கார்சன் அம்மையார் நூலெழுதி விளக்கவே, இயற்கை மருந்து என்ற பெயரில் தூபா மீண்டும் தலையெடுத்தது.

இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்று நம்புவோர் நம்மிடையே மிகுதி. எட்டிக்காயும் அரளியும் எந்தத் தொழிற்சாலையில் விளைந்தன? தூபாவின் பிற்காலச் செய்தி இதனை இன்னும் தெளிவாக்கும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரோட்டினோனை எலிகளின் குருதியில் தொடர்ந்து செலுத்திப் பார்த்தனர். கைகால் நடுக்கமும் உடல் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோயை ஒத்த குறிகள் அவ்வெலிகளிடம் தோன்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் இதனைப் பயிர் மருந்துப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. 2011-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ரோட்டினோனைக் கையாண்டவர்களிடம் அந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. அதே ஆய்வில் அதே இரண்டரை மடங்கு என்ற கணக்குடன் நின்ற மற்றொரு பெயர் பாராகுவாட். ஒன்றைக் கையாண்டதால்தான் நோய் வந்தது என இவ்வகை ஆய்வு முற்றாக மெய்ப்பிக்காது. ஆயினும் அலட்சியஞ் செய்யத்தக்க செய்தியன்று.

பாராகுவாட்டை நம் தோட்ட மக்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. மலேசிய அரசு 2002-இல் அதற்குத் தடை அறிவித்தது. 2006-இல் அத்தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்தே முற்றாக விலக்கியது. அதற்கு முந்திய நீண்ட காலம் அதனை முதுகுப் பம்பில் சுமந்து நிரைநிரையாக அடித்தவர்களில் நம் பெண்மக்கள் ஏராளம். மலாய்க்காரர் களைக்கொல்லியை ராச்சுன், அதாவது நஞ்சு, என்றே அழைக்கின்றனர். நம்மவரோ மருந்து என்கிறோம். அதை அடிக்கப் போவதை மருந்தடிக்கப் போவதென்கிறோம். ஆற்றிலே தூபா கலக்குவதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. தூபாவை மருந்தென்று அழைத்த மலாய்க்காரர் எவருமிலர்.

அன்று பம்பு சுமந்தவர்களுள் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். கைநடுக்கமோ நடையில் தடுமாற்றமோ கண்டு மருத்துவமனைக்குச் செல்லும் மூதாட்டியர், முதுமை என்று மட்டும் சொல்லி வாளாவிருத்தல் கூடாது. எத்தனை ஆண்டு மருந்தடித்தோம், கையுறையும் முகமூடியும் இருந்தனவா என்பவற்றையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அடித்த மருந்தின் பெயர் நினைவில்லையாயின், உடன் செல்லும் பிள்ளைகள் தோட்டத்துக் கிராணியிடம் கேட்கலாம். பழைய கிடங்கு ஏடுகள் அழியாதிருக்கும் தோட்டங்களில் அப்பெயர் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.