பீங்கான் ஃபியூஸ் யாரைக் காப்பாற்றியது?

விழுப்புரம் மாவட்டத்து இரும்பை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மாகாளேஸ்வரர் கோயில். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் ஆரோவில். ஆனால் மரக்காணம் உப்பளம் வரை நீளும் இந்தப் பகுதியின் வயல்களில் இன்னொரு வரலாறும் நிற்கிறது. அதுதான் மோட்டார் கொட்டகை! வீட்டை விட்டுத் தள்ளி, கிணற்றோரம் ஒற்றை அறை. உள்ளே ஒரு மரப்பலகை, இரும்பு மெயின் ஸ்விட்ச், ஸ்டார்ட்டர், மூன்று பீங்கான் ஃபியூஸ்.

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த ஒரு கம்பி. கரண்ட் அளவுக்கு மீறினால் சூடேறி முதலில் அது உருகும். மற்ற ஒயர்கள் பிழைக்கும். இந்த யோசனை எடிசனின் மின்விளக்கை விடவும் பழையது. 1847லேயே பிரெகே என்ற பிரெஞ்சுக்காரர், தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க மெல்லிய கம்பியைப் பயன்படுத்தச் சொன்னார். 1880ல் எடிசன் விளக்குகளுக்கான பாதுகாப்புக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1932ல் பைக்காரா, 1937ல் மேட்டூர் என நீர்மின் நிலையங்கள் வந்தன. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்வாரியம் உருவானது. 1962ல் நெய்வேலி அனல்மின் நிலையமும் சேர்ந்துகொண்டது. கம்பங்கள் வயலுக்குள் இறங்கின. ஏற்றம் இறைத்த இடத்தில் பம்ப்செட் வந்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7, 8 ஆம்பியர் இழுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. லைனில் வோல்டேஜ் குறைந்தால் ஓடும்போதும் அதிகம் இழுக்கும். அதனால் ஃபியூஸ் அடிக்கடி போகும். மூன்றில் ஒன்று மட்டும் போனால் இன்னும் மோசம். மீதி இரண்டு ஃபேஸில் மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறி, காயில் கருகிவிடும். ரீவைண்டிங் கடைக்குத் தூக்க வேண்டியதுதான்.

பயிர் காய்கிறது, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. அந்த நேரத்தில் விவசாயி என்ன செய்வார்? கையில் கிடைத்த செம்புக் கம்பியைப் பீங்கானில் முறுக்கிவிடுவார். அன்றைக்குத் தண்ணீர் பாயும். ஆனால் இனி முதலில் உருகப்போவது ஃபியூஸ் இல்லை, சுவருக்குள் இருக்கும் ஒயரோ மோட்டாரோதான். இன்சூரன்ஸை ரத்து செய்து பிரீமியத்தை மிச்சம் பிடித்த கதை!

1960களில் இன்னொரு மாற்றம். செம்பை இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணி இல்லாததால் அலுமினிய ஒயர் பரவியது. அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி லூஸாகும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு சூடாகும். உப்புக் காற்று வீசும் கடற்கரையில் அலுமினியமும் பித்தளையும் தொடும் இடம் இன்னும் வேகமாக அரிக்கும். 1990ல் விவசாய மின்சாரம் இலவசமானது. அது பெரிய உதவிதான். ஆனால் கெட்டுப்போன இணைப்பில் வீணாகும் கரண்ட்டைக் காட்டிக்கொடுக்க பில்லும் இல்லாமல் போனது.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது: ஃபியூஸ் காப்பது ஒயரை, மனிதரை அல்ல. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக ஏறக்குறைய 10 ஆம்பியர் வேண்டும். ஓர் ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவர் மேல் கரண்ட் பாயும்போது ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

சில பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் தனி ஃபியூஸ் இருக்கும். அது மட்டும் போனால் பல்பு அணையும், ஆனால் ஒயரில் கரண்ட் அப்படியே நிற்கும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் நியூட்ரலில் அப்படிப் போடக்கூடாது என்றன. விதி வந்ததும் பலகைகள் தானாக மாறிவிடுமா என்ன?

ஒயரைக் காப்பதில் அடுத்த படி 1924ல் ஜெர்மனியில் ஹ்யூகோ ஸ்டாட்ஸ் கொண்டுவந்த சின்ன சர்க்யூட் பிரேக்கர், நாம் எம்.சி.பி. என்பது. மனிதரைக் காக்கும் கருவிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. மனித உடல் எவ்வளவு கரண்ட்டைத் தாங்கும் என்று ஆராய்ந்த கலிபோர்னியா பேராசிரியர் சார்லஸ் டால்சியல், 1961ல் கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். இன்று கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைப்பது அந்த வகைதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும்.

ஆக, பழைய கொட்டகைக்குள் போகிறவர் கவனிக்க வேண்டியவை:

1. பீங்கானில் இருப்பது மெல்லிய ஃபியூஸ் கம்பியா, தடித்த செம்புக் கம்பியா?
2. எர்த் கம்பி மண் வரை போகிறதா, பாதியில் அறுந்திருக்கிறதா?
3. எங்காவது கருகிய தடம், பச்சைக் களிம்பு உண்டா?

பார்ப்பதோடு சரி, கை வைப்பது ஒயர்மேன் வேலை. மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அதற்கு முன்னால் இருக்கும் மின்வாரிய ஃபியூஸில் கரண்ட் இருக்கும்.

2011 தானே, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையை விடுவதில்லை. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நனைந்த கொட்டகைக்குள் முதலில் நுழைவது தண்ணீர் பாய்ச்ச வரும் ஒரு மனிதர். பீங்கான் ஃபியூஸ் தன் காலத்தில் ஒயரைக் காப்பாற்றியது. அவரைக் காப்பாற்ற அந்தப் பலகையில் இன்னும் ஒரு கருவி வேண்டும்.