டீசல் கெட்டுப்போகுமா?

"டீசல் என்ன பாலா, தயிரா, கெட்டுப்போக?" எங்கள் நாகப்பட்டினம் கரையில் நாற்பது வருடங்களாக நான் கேட்டுவரும் வாசகம் இது. தடைக்காலம் முடியும் ஜூன் மாதத்தில் தவறாமல் காதில் விழும். படகுக்கு வர்ணம் அடித்தாயிற்று, வலை பொத்தியாயிற்று, ஐஸுக்குச் சொல்லியாயிற்று. டேங்கில் இரண்டு மாதமாகக் கிடக்கும் டீசலைப் போட்டு ஓட்டலாமா என்று இளம் பிள்ளை ஒருவன் கேட்பான். பெரியவர் ஒருவர் மேலே உள்ள வாசகத்தைச் சொல்வார். பேச்சு அத்தோடு முடியும்.

டீசல் மெக்கானிக் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடமும் சிலர் கேட்பதுண்டு. அந்தப் பெரியவர் சொன்னது பொய் அல்ல. அவர் வாலிபத்தில் வாங்கிய டீசலுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த டீசல் இப்போது எந்த பங்க்கிலும் கிடைப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள நம் கரைக்கு எரிபொருள் வந்த கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டுமரமும் பாய்மரமும் ஓடிய காலத்தில் கடலுக்குப் போகிறவனுக்கு எண்ணெய் வேண்டியது விளக்குக்கு மட்டும்தான். பர்மா ஷெல் கம்பெனியின் சதுர டின் நம் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நாலு காலன், அதாவது 18 லிட்டர் பிடிக்கும் தகர டின். காலியான பிறகு தண்ணீர் தூக்கவும், பிரித்துக் கூரைக்கு அடிக்கவும் பயன்படும். பிரிக்காத டின்னில் மண்ணெண்ணெய் எத்தனை நாள் இருந்தாலும் நன்றாகவே எரியும். எண்ணெய் கெடாது என்ற நம்பிக்கை அங்கேதான் வேர் விட்டிருக்க வேண்டும். அது கெடாமல் இருந்ததற்குக் காரணம், டின் நிறைய எண்ணெய் இருந்ததும், காற்று புகாதபடி மூடியிருந்ததும்தான்.

அடுத்து வந்தது விசைப்படகு. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி 1953இல் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் திட்டம் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் நம் கரைக்கும் சிறிய மர விசைப்படகுகள் வந்தன. டேங்க் சின்னது. விடியலில் நிரப்பினால் பொழுது சாய்வதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். டீசல் பழையதாவதற்கு நேரமே கிடையாது. எஞ்சினும் முரட்டு எஞ்சின், கொஞ்சம் அழுக்கு போனாலும் விழுங்கிக்கொண்டு ஓடும்.

அந்த டீசலில் கந்தகம் அதிகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை எடையில் ஒரு சதவீதம் வரை இருக்கலாம் என்பதே விதி. புகை கண்ணைக் கரிக்கும், நெஞ்சை அடைக்கும். ஆனால் டேங்கில் கிடக்கும்போது அந்தக் கந்தகச் சேர்மங்களில் சில டீசலைக் காற்றோடு சேர்ந்து கெடவிடாமல் ஓரளவு காத்தன. ஊறுகாய்க்கு உப்பு போல என்று மாணவர்களிடம் சொல்வேன்.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. இரண்டும் நல்லதற்குத்தான்.

முதலாவது, தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று 2001 முதல் கிழக்குக் கரையில் 45 நாள் தடை வந்தது. 2017இல் அது 61 நாளாகி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீண்டது. நம் கரையின் வரலாற்றில் எல்லாப் படகு டேங்கிலும் ஒரே சமயத்தில் டீசல் வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பது இதற்குப் பிறகுதான் வழக்கமானது. அதுவும் எந்த மாதங்களில்? சரியாகக் கத்திரி வெயிலில். வெப்பம் பத்து டிகிரி கூடினால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. குளிர்ந்த இடத்தில், சுத்தமான டேங்கில் ஓராண்டு தாங்கும் டீசல், நம் வெயிலில் ஆறு மாதம் தாங்கினாலே பெரிது. இதற்குள் படகுகளும் பெரிதாகி, டேங்குகளும் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிப்பவையாகிவிட்டன. வரிவிலக்கில் அளவிட்டுக் கொடுக்கும் டீசலில் மிச்சம் இருப்பதைக் கீழே ஊற்ற யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது, டீசலே மாறியது. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்றார்கள். 2020 ஏப்ரல் முதல் அது வெறும் 10 பங்கு. பழைய ஒரு சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஊர்க் காற்றுக்கு இது பெரிய நன்மை. ஆனால் கந்தகத்தை நீக்கும்போது இயற்கையாக இருந்த அந்தக் காப்பும் குறைகிறது. அதற்கு ஈடாகச் சுத்திகரிப்பு ஆலையில் மருந்து சேர்க்கிறார்கள். அந்த மருந்தும் நாள்பட வலுவிழக்கும்.

அதே 2020இல் மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அதைத் தொடர்ந்து தடைக்காலம். அந்த வருடம் தடையை மே 31ஆம் தேதியோடு முடித்தார்கள் என்றாலும், இரண்டு மாதத்துக்கு மேல் பெரும்பாலான விசைப்படகுகள் கட்டியே கிடந்தன. எங்கள் பக்கத்தில் கடலுக்குக் கிளம்பிய முதல் வாரத்தில் ஃபில்டர் அடைத்து நின்ற படகுகள் சில. கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுத்த வழவழப்பான சளி போல ஒன்று.

அது என்ன? பாதி டேங்க் டீசல், பாதி காற்று. பகலில் சூடேறி உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்று உள்ளே வரும். டேங்க் மூச்சு விடுகிறது என்போம். அந்த ஈரம் சுவரில் வியர்த்து உள்ளே இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் ஒருவகைப் பூஞ்சைக் காளான் வளரும். ஐம்பது, அறுபதுகளில் ஜெட் விமானங்களின் டேங்குகளிலேயே இது பெரும் தொல்லை கொடுத்தது. அந்தச் சளிதான் ஃபில்டரை அடைக்கிறது.

இங்கேதான் படகுக்கும் லாரிக்கும் வித்தியாசம். துறைமுகத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் ஜோராக ஓடும். தண்ணீர் அசையாமல் இருக்கிறது, அடியில் உள்ள கசடும் அசையாமல் இருக்கிறது. முகத்துவாரம் தாண்டி அலையில் படகு ஆடத் தொடங்கியதும் கசடு கலங்கி மேலே வரும். எஞ்சின் நிற்கும் இடம் நடுக்கடலாக இருக்கும். லாரி நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு டீ குடிக்கலாம். படகு நின்றால் அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பும். பாக் நீரிணையில் என்றால் 1974இல் வகுத்த எல்லைக் கோடு வேறு இருக்கிறது. எஞ்சின் பழுதாகி மிதந்து போய்க் கைதான செய்திகளை நாம் படிக்காமலா இருக்கிறோம்?

பெட்ரோல் இன்னும் மோசம். குமரி மாவட்டத்து வள்ளங்களில் வெளிப்புற எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022இல் பத்து சதவீதம், 2025இல் இருபது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோலை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

அப்படியானால் பழைய டீசலை என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். காலையில் வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக, இளமஞ்சளாக, அடியில் தண்ணீர் இல்லாமல் இருந்தால் புது டீசலோடு சிறிது சிறிதாகக் கலந்து ஓட்டலாம். அடியில் தண்ணீர் மட்டும் என்றால் அதை வடித்துவிட்டு மறுபடி பாருங்கள். கலங்கலாக, கறுத்து, காறிப்போன எண்ணெய் வாடை அடித்தால் அது கடலுக்கு ஆகாது. டேங்கைத் திறந்து கழுவ வேண்டும். கழுவிய அழுக்கை வாய்க்காலில் விடாதீர்கள். பழைய டீசலுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று சிலர் பெட்ரோல் கலப்பார்கள். மூடிய எஞ்சின் அறையில் அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். அதை மட்டும் செய்யவே கூடாது.

தடைக்காலத்துக்கு முன்னால் டேங்கை முழுதாக நிரப்புங்கள், அல்லது முழுதாகக் காலி செய்து துடையுங்கள். பாதியில் விடாதீர்கள். செம்புக் குழாயும் துத்தநாகம் பூசிய டேங்கும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும், மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தி, தடைக்காலம் முடிந்து போகும் முதல் பயணத்தில் கையில் இரண்டு ஃபில்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் ஐஸ் காசுகூட இருக்காது.