உறங்கிய நோய்

அக்கி முதியவரை ஏன் நாடுகிறது? இதற்கு விடை தேடியவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிறுநகரத்துப் பொது வைத்தியர் ஹோப்-சிம்சன். நோயாளர் பதிவேடே அவருடைய கருவி. நாம் அவரிடம் மதிப்பது இதனையே. 1947 முதல் 16 ஆண்டுகளில் 192 அக்கி நோயாளரை அவர் பதிந்தார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒருவர்தானும் இல்லை. எண்பதைக் கடந்தோரிலோ பத்துப்பேர்!

1965இல் அவர் உரைத்த விளக்கம் இது: குழந்தைப் பருவத்தில் கொப்புளிப்பானாக வந்த வைரசு மாள்வதில்லை, நரம்பு முடிச்சுகளிலே உறங்குகிறது. உடலின் காவல் தளர்ந்ததும் அக்கியாக விழிக்கிறது. அக்காவலில் முதன்மையானவை ரி-கலங்கள் என்பதும், முதுமையில் அவை வலுவிழக்கின்றன என்பதும் பின்னர் தெளிந்தன.

2006இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. வறிய நாடுகளின் பொதுத் தடுப்பூசித் திட்டங்களில் அதனைக் காண்பது அரிது. பணமுள்ளோர் வாங்குகின்றனர், உழைத்துத் தேய்ந்த முதியவரோ எரியும் விலாவோடு இரவைக் கழிக்கின்றார்.